சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவில் ஒரு தூசி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அச்சகத்தில் தாளோடு வைத்து அனுப்பும் துண்டுச் சீட்டுகள்தான். ‘இடது ஓரம் மங்கல்’, ‘சாமி கண்ணில் சிவப்பு அதிகம்’, இப்படி. வாயால் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சீட்டு எழுதவே பழகினேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குக் குரல் வராது. அப்படிப்பட்டவன் வானத்தைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் இதை நான்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சூரியக் குடும்பத்தின் சுவர்ப்படம் ஒன்று தொங்கி, அதில் சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவில் வளையத்தோடு ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால், விரலால் தடவிப் பாருங்கள். படத்தில் அந்தப் புள்ளி மட்டும் கொஞ்சம் மேடாக இருக்கும். அதற்குக் காரணம் நான்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். அச்சங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். என் வேலை தூசி எடுப்பது. ஓவியர் வரைந்த படம் வந்தால் அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்ப்பேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத தூசி, பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த முடி, தாளின் பிசிறு எல்லாம் திரையில் கல்லும் கயிறுமாகத் தெரியும். பக்கத்து நிறத்தை எடுத்து அவற்றின் மேல் அப்பி மூடிவிடுவேன். ரோஜாப்பூவில், குழந்தையின் கன்னத்தில், சாமியின் கிரீடத்தில் என்று எல்லா இடத்திலும் தூசி எடுத்திருக்கிறேன். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான் இந்த வேலையின் சிறப்பு. எனக்கு ஏற்ற வேலை.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, மதுரையிலிருந்து ஒருவர் சூரியக் குடும்பப் படத்துக்கு ஆர்டர் கொடுத்தார். முன்பு வாத்தியாராக இருந்தவர். இப்போது பள்ளிகளுக்குச் சுவர்ப்படம் போட்டு விற்கிறார். நாங்கள் மதுரை சார் என்போம். படத்தை வரையும் வேலையை எங்கள் முதலாளி அண்ணாச்சி, விஸ்வநத்தத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை அண்ணே என்பார். நானும் அவரைத் தங்கச்சி என்றுதான் நினைத்துக்கொள்வேன், கூப்பிட்டதில்லை. பதினைந்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து உருட்டியவர். இருமல் நிற்காமல் போய், இனி மருந்து அறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஒரு வருஷமாக வீட்டில் இருந்தார். நன்றாக வரைவார். இதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. இது சரியாக வந்தால் காய்கறி, பழம், பறவை, விலங்கு என்று அடுத்த நாலு படங்களும் உனக்குத்தான் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

படம் வந்தது. கரும் நீல வானம், நடுவில் சூரியன், எட்டுக் கிரகங்கள், கீழே எழுத்துக்காக விடப்பட்ட வெள்ளைப் பட்டை. படத்தின் மேல் ஒரு பட்டர் தாள் ஒட்டியிருந்தது. வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய தாள். ஓவியர்கள் எது எது என்ன என்பதை அதில் பென்சிலால் குறித்து அனுப்புவார்கள். நான் எப்போதும்போல அதைப் பிரித்து உள்ளே வைத்துவிட்டேன். பட்டர் தாள்தான் அதிகத் தூசியைப் பிடித்து வைத்திருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிப்பதில்லை. பெயர்கள் எழுத்து அடிப்பவருக்குத் தனியாக வரும்.

வானத்தில் நட்சத்திரமே வேண்டாம், சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்டரில் இருந்தது. அதனால் நீலத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும் தூசி. இதுதான் என் கணக்கு. காலையில் உட்கார்ந்து ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். சனியைத் தாண்டியதும் ஒரு வெள்ளைத் துளி. அதைச் சுற்றி ஒரு முடியிழை இரண்டு சுற்றாக வளைந்து கிடந்தது. தூசியும் முடியும் சேர்ந்து விழுவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் முடி இவ்வளவு வட்டமாக விழுமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு இரண்டு முறை சொடுக்கினேன். வானம் சுத்தமாகிவிட்டது.

எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட படத்தை முதலில் எழுத்தே இல்லாமல் கலரில் அடித்துவிடுவோம். தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று எழுத்தை மட்டும் பிற்பாடு கறுப்பில் தனித்தனியாக ஓட்டுவோம். ஆகவே மொத்த லோடும் கலர் அடித்து முடிந்து, தமிழ் எழுத்து மிஷினில் ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் தாளைப் பார்க்க மதுரை சார் நேரில் வந்திருந்தார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவில் உள்ள சிறு புள்ளியை உற்றுப் பாருங்கள்னு எழுதியிருக்கேன். எங்கங்க புள்ளி?”

மிஷின் ஓட்டுகிறவர் என்னைவிட மூத்தவர், வாய் சும்மா இருக்காது. “சின்னதாத்தான சார் இருக்கும். கண்ணாடியப் போட்டுப் பாருங்க.”

“போட்டுத்தான்யா பாக்கறேன்.”

மிஷின்காரரும் குனிந்து பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். கீழே வெள்ளைப் பட்டையில் இருந்த வரிகளை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். சாரிக்லோ என்று ஒரு குறுங்கோள் அங்கே இருக்கிறதாம். அந்தப் பக்கத்துப் பெரிய கிரகங்களுக்கு நடுவில் தன் பாட்டுக்குச் சுற்றுகிறதாம். சூரியனை ஒரு தடவை சுற்றி வர ஏறக்குறைய அறுபத்து மூன்று வருஷம். குறுக்களவு சுமார் இருநூற்று ஐம்பது கிலோமீட்டர்தான். அதற்கும் சனியைப்போல வளையம் உண்டு. படித்து முடிப்பதற்குள் எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த வட்டமான முடி எதுவென்று புரிந்துவிட்டது.

அண்ணாச்சி வந்தார். நிதானமான மனிதர்தான், சீசன் நேரத்தில் மட்டும் நிதானம் இருக்காது. “அதுக்கென்ன சார், அந்த வரியத் தூக்கிருவோம். எழுத்தும் இல்ல, புள்ளியும் இல்ல. சோலி முடிஞ்சது.”

“அண்ணாச்சி, அந்த வரிக்காகத்தான் இந்தப் படமே. எட்டுக் கிரகம் எல்லாப் பயலும் போட்டுட்டான். இத்தினிக்கூண்டு இருந்துக்கிட்டு வளையம் மாட்டியிருக்குன்னா பிள்ளைக வாயப் பொளந்து பாக்கும். புள்ளி இல்லாம நான் எடுக்க மாட்டேன்.”

அண்ணாச்சி போன் போட்டார். விஸ்வநத்தம் பக்கம்தான், அரை மணியில் தங்கச்சி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வேகமாக நடந்ததில் இருமிக்கொண்டே உள்ளே வந்தார்.

“ஏம்மா, சார் கொடுத்த லிஸ்ட்ல ஒம்பது இருக்கு. நீ எட்டு வரைஞ்சு கொடுத்திருக்க. இப்ப லோடு பூரா நிக்கி.”

“வரைஞ்சேனே அண்ணாச்சி. அதுக்குன்னு ஒத்த முடிப் பிரஷ்ஷு வாங்கி வரைஞ்சேன்.”

“வரைஞ்சா எங்க போச்சு? பறந்துருச்சா?”

“ராகு முழுங்கியிருப்பாரு” என்றார் மிஷின்காரர். யாரும் சிரிக்கவில்லை.

தங்கச்சி என்னைப் பார்த்தார். “அண்ணே, நீங்கதான ஸ்கேன் பண்ணுனது? நீங்க பாத்திருப்பீகள்ல?”

நான் என் மேஜையில் இருந்த கீபோர்டைப் பார்த்தேன்.

அண்ணாச்சி என்னிடம், “ஒரிஜினல எடுத்துட்டு வா, பாத்துருவோம்” என்றார்.

அசல் படங்கள் பின்னறையில் ஒரு பீரோவில் இருக்கும். சாவி என்னிடம்தான். திறந்தேன். மேலேயே இருந்தது. புள்ளி அங்கே இருந்தது, அரிசி நுனி அளவுக்கு, அதைச் சுற்றி நூலைவிட மெல்லிய இரண்டு வளையங்கள். கூடவே நான் பிரித்து வைத்த பட்டர் தாளும் இருந்தது. அந்த இடத்துக்கு நேராகத் தங்கச்சியின் பென்சில் எழுத்து: ‘சாரிக்லோ. இது தூசி இல்லை அண்ணே, எடுத்துவிட வேண்டாம்.’

வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் விரிக்க வேண்டும், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தாளைப் பழைய இடத்திலேயே வைத்தேன். பீரோவைப் பூட்டிவிட்டு வெளியே வந்து, “மேல இல்ல அண்ணாச்சி, தேடணும்” என்றேன். பொய் சொல்லும்போது மட்டும் குரல் தடையில்லாமல் வந்தது.

“தேடி என்னத்துக்கு? இவ வரையல, அம்புட்டுத்தான்” என்றார் அண்ணாச்சி. “பாரும்மா, அடுத்த நாலு படத்தையும் வேற ஆள் கிட்ட கொடுத்துக்கிடுதேன். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத.”

தங்கச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி இருமிவிட்டு, “சரி அண்ணாச்சி. அப்ப திங்கக்கெழம கம்பெனியில கேட்டுப் பாக்கேன். எம். புதுப்பட்டியில ஆள் எடுக்காகளாம்” என்றார். எங்கள் பக்கம் கம்பெனி என்று சும்மா சொன்னால் பட்டாசு ஆலைதான். அவர் கேட்டால் உடனே எடுத்துக்கொள்வார்கள். கை பழகின ஆள். மருந்து அறையில்தான் போடுவார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மதுரை சார் எழுதியிருந்த கடைசி வரி மனசிலேயே நின்றது. அந்த வளையத்தை யாரும் நேரடியாகப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லையாம். ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் அது கடந்து போனபோது, நட்சத்திரம் மறைவதற்குச் சற்று முன்னும், மறுபடி தெரிந்த பின்னும் லேசாகக் கண் சிமிட்டியதாம். அதை வைத்துத்தான் வளையம் இருப்பது தெரிந்ததாம். அத்தனை தூரத்தில் அத்தனை சின்ன விஷயத்தை, வெளிச்சம் கொஞ்சம் குறைந்ததை வைத்தே சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் திரையில் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தும் தூசி என்றேன். வேலையில் ஏதாவது பிரச்சினையா என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை என்றேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு சீட்டு எழுதினேன். ‘சாரிக்லோவை எடுத்தது நான். அசல் பீரோவில் உள்ளது.’ அதை அண்ணாச்சி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார், நான் தலையைக் குனிந்து நிற்பேன், அது என்னால் முடியும். ஆனால் அந்தத் தங்கச்சியிடமிருந்து எனக்கும் ஒரு சீட்டுதான் வந்தது, அதை நான் படிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. என் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, அசலையும் பட்டர் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி தனியாக இல்லை. மிஷின்காரர் மை விஷயமாக நின்றிருந்தார். மதுரை சாரும் ராத்திரி ஊரில் தங்கியிருந்து மறுபடி வந்திருந்தார். அவர் மட்டும் இருக்கும்போது வரலாம் என்று திரும்பிப் போகப் பார்த்தேன். அதற்குள் அண்ணாச்சி, “என்னப்பா, கெடச்சிருச்சா?” என்றார்.

மேஜையில் விரித்தேன். “நேத்தே இருந்துச்சு அண்ணாச்சி. பாத்துட்டுத்தான் இல்லன்னேன். அந்தப் பிள்ள சரியா வரைஞ்சிருக்கு. தூசின்னு நெனச்சு நான்தான் தொடச்சேன்.”

இவ்வளவுதான் சொன்னேன். வாழ்க்கையில் நான் நின்றுகொண்டு பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அண்ணாச்சி பட்டர் தாளைப் படித்தார். திரும்பவும் படித்தார். “எம்புட்டு வருசமா இங்க இருக்க?”

“இருபத்திரண்டு.”

“இருபத்திரண்டு வருசமாத் தூசியத் தொடச்சுத் தொடச்சு, கடைசில ஒரு கெரகத்தையே தொடச்சிட்டியேலே!”

மிஷின்காரர், “நான்தான் நேத்தே சொன்னேனே, ராகு முழுங்கிட்டாருன்னு. ஆள் யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு” என்றார். அன்றிலிருந்து அச்சகத்தில் எனக்குப் பெயர் ராகு. மதுரை சார் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அசலைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எவ்வளவு சரியா வரைஞ்சிருக்கு அந்தம்மா. ரெண்டு வளையம். நான் லிஸ்ட்ல ரெண்டுன்னுகூட எழுதலையே” என்றார்.

அப்புறம் அண்ணாச்சி அசலை வாங்கிப் பார்த்தார். திட்டு வரும் என்று நின்றேன். வரவில்லை. “போய் அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வா. போன் போடாத, நேர்ல போ” என்றார். அதுதான் தண்டனை என்று எனக்குப் பட்டது.

தங்கச்சி வீட்டு வாசலில் நின்று அதையே மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவையும் சுலபமாக இல்லை. அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை. “எழுதித்தானண்ணே வச்சேன்?” என்றார்.

“படிக்கல.”

“நேத்துக் கேட்டேன்ல, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“அண்ணாச்சி கூட்டிட்டு வரச் சொன்னாரு” என்றேன்.

அச்சடித்த கரும் நீலத்தின் மேல் வெள்ளைப் புள்ளியை மிஷினில் கொண்டுவர முடியாது. மிஷினில் ஓடும் வெள்ளை மை நீலத்தில் அமுங்கிப் போகும். கல்யாணப் பத்திரிகைக்குத் தங்க எழுத்துப் போடும் ஸ்கிரீன் பிரிண்டிங் மேஜை பின்கொட்டகையில் இருந்தது. அதில் கெட்டி வெள்ளை மையால் ஒவ்வொரு தாளிலும் கையால் போடலாம் என்று மிஷின்காரர் யோசனை சொன்னார். இப்படித்தான் அது மேடாக வந்தது. தங்கச்சி புள்ளியையும் வளையத்தையும் கொஞ்சம் பெரிதாக மறுபடி வரைந்து கொடுத்தார். “ஒம்பாவத்த நீயே கழி” என்று அண்ணாச்சி என்னை அந்த மேஜையில் விட்டார். தாளை மூலைக்கு மூலை சரியாக வைக்க ஒருவர் வேண்டும். அது தங்கச்சி.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வேலைதான். அவர் தாளை வைப்பார். நான் வலைச் சட்டத்தை இறக்கி ரப்பர் பட்டையால் மையை ஒரு இழுப்பு இழுப்பேன். சட்டத்தைத் தூக்கினால் இருட்டில் ஒரு புள்ளி புதிதாக உட்கார்ந்திருக்கும். அவர் தாளை எடுத்துக் காய்கிற அடுக்கில் போடுவார். முதல் நாள் மத்தியானம் வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு தாளில் நான் மையைக் கொஞ்சம் அதிகமாக இழுத்து வளையம் அடைத்துவிட்டது. அவர் அதைத் தனியே எடுத்து வைத்தார்.

“ஒண்ணுதான, அப்படியே விட்ரலாமே” என்றேன்.

“விடக்கூடாதுண்ணே. கம்பெனியில மருந்து உருட்டுறப்ப இப்படித்தான் ஒரு உருண்டை நசுங்கிட்டா தள்ளி வச்சிருவோம். கைக்குள்ள இருக்கையில அது வெறும் உருண்டைதான். மேல போய் வெடிக்கையில ஒவ்வொண்ணும் ஒரு பொறி. ஒண்ணு கொறஞ்சா அந்த எடம் மட்டும் இருட்டாத் தெரியும்.”

“கீழ இருந்து பாக்கறவனுக்குத் தெரியுமா?”

“உருட்டுனவளுக்குத் தெரியும்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினோம். அது அறுபத்து மூன்று வருஷத்தில் ஒரு சுற்று என்றால் நான் பிறந்ததிலிருந்து இன்னும் ஒரு சுற்றுக்கூட முடித்திருக்காது என்று சொன்னேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, “நான் பாதிதாண்ணே தாண்டியிருக்கேன்” என்றார். குறுக்களவு இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். இங்கிருந்து பஸ்ஸில் கிளம்பினால் கோயம்புத்தூர் போவதற்குள் முடிந்துவிடும் என்றேன். “அம்புட்டுத்தானா? இதுக்கா இந்தப் பாடு?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கொட்டகையின் மருந்து நாற்றமில்லாத காற்றில் இருமல் இல்லாமல் முடிந்ததைக் கவனித்தேன். மிஷின்காரர் டீ கொண்டுவந்து வைத்து, “ராகு, முழுங்குனத எத்தனை தடவதான் கக்குவீரு?” என்று கேட்டுவிட்டுப் போனார். தங்கச்சி அதற்கும் சிரித்தார்.

கம்பெனியில் கேட்பதாகச் சொன்ன திங்கட்கிழமை எங்கள் மேஜையிலேயே முடிந்தது. கடைசித் தாளில் ரப்பர் பட்டையைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். அவர் இழுத்தார். என்னுடையதைவிட நன்றாக வந்தது. அடுத்த நாலு படங்களைப் பற்றி அண்ணாச்சி அதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தமிழ் லோடு மதுரைக்கு ஏறியது. பத்து மணிக்கு அண்ணாச்சி தங்கச்சியைக் கூப்பிட்டுக் காய்கறிப் படத்துக்கான தாளையும் லிஸ்டையும் கொடுத்தார். என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், வருகிற பட்டர் தாளை மாட்டி வைக்க ஒரு கிளிப் அடித்தார்கள். அன்று எனக்கு வந்தது ஒரு ஜவுளிக்கடைப் பைக்கான படம். அதில் பதினோரு தூசி இருந்தது. எடுத்துவிட்டேன்.